லாக் பிடிச்சிட்டு

1976, ஐப்பசி, வியாழன் இரவு.

பழைய ராணுவ லாரியில் கழற்றிய, சேற்றில் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கை உப்பள லாரியில் மாட்டி, இன்று சேற்றில் இறக்கிப் பார்த்தோம். டிரைவர் சூசை லிவரைப் போட்டதும் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுழன்று வண்டி கரையேறியது. கேபினிலிருந்து, "லாக் பிடிச்சிட்டு, அண்ணாச்சி!" என்று கத்தினான். நன்றாகப் பிடிக்கிறது என்கிறான் என்று நினைத்து, "ரோட்டுக்கு எடுல" என்றேன். விடாமல் இறுகிவிட்டது என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். மெக்கானிக் சொல்கிறேனே என்று பாவி எடுத்துவிட்டான். லாக் விடாத வண்டி வளையுமா? வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தும் நேரே போய்ப் பாலச் சுவரில் மோதியது. அவனுக்கு வலது கால் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி, "அவுக சொன்னது ஒங்களுக்குக் கேக்கலியா, அண்ணாச்சி?" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.