காப்பகத்தின் வெதுவெதுப்பான சுவர்

அனுப்புநர்:
துணி மடிக்கும் தொழிலாளி, அட்டை எண் 212,
சலவை நிலையம்.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: குழந்தைகள் காப்பகத்தில் சுவரோரப் படுக்கையை அகற்றக் கோருதல் – இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் மனுவையே பிந்தித்தான் எழுதினேன். அதற்கு மன்னிக்கவும்.

1. எங்கள் நிலையத்தில் காப்பகத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அது சுடாது, வெதுவெதுப்பாக இருக்கும். அதை ஒட்டிப் படுக்கும் குழந்தை சிணுங்காமல் இரண்டரை மணி நேரம் தூங்கும். அந்த இடத்துக்கு எங்களுக்குள் போட்டி. என் ஏழு மாத மகளுக்காக ஆயாவிடம் கெஞ்சி வாங்கியவள் நானே. பட்டப்படிப்பு படித்தவள், ஒரு நாளும் யோசிக்கவில்லை.

2. அங்கே படுக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் அவள் முதுகில் வலை விரித்தாற்போல் பழுப்புக் கோடுகள். அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். மிதமான சூடு தினமும் ஒரே இடத்தில் பட்டதால் வந்தது, முழுக்க மறையுமா என்று சொல்வதற்கில்லை, வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்றார் தோல் மருத்துவர். இப்போது அவளைக் குளிப்பாட்ட என் கணவர் வருவதில்லை. முதுகைப் பார்க்க முடியவில்லையாம்.

3. மேலாளர், "சூடு பட்டா கொப்புளம் வரணுமேம்மா" என்றார். முதல் மனுவுக்காகத் தாங்களும் வந்தீர்கள். சுவரில் கை வைத்து, எடுத்து, 'இதமாகவே உள்ளது' என்று எழுதிச் சென்றீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் கை வைத்துப் பார்த்திருந்தேன்.

4. மகளை இடம் மாற்றிய மறுநாளே அங்கே இஸ்திரி போடும் அக்காவின் மகன் படுத்தான். அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். மகளின் முதுகைக் காட்டினேன். பிறவி மச்சம் என்றார். "அந்த இடத்துல உம் பொண்ணு நல்லாத் தூங்குதுன்னு ஊரெல்லாம் சொன்னது நீதானே? இப்ப எம் புள்ள தூங்கினா உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டார். அது உண்மை, ஐயா. சொன்னது நான்தான்.

5. இந்த மனுவால் ஏதும் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. இருந்தும் கேட்கிறேன். மதியம் பன்னிரண்டரைக்கு, குழந்தைகளைப் படுக்க வைக்கும் நேரத்தில், தாங்கள் மறுபடி ஒருமுறை வர வேண்டும். அதே சுவரில் கை வையுங்கள். அங்கே படுக்கும் அக்காவின் பிள்ளை தானாக எழும் வரை கையை எடுக்காதீர்கள். பிறகு தாங்கள் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இடம்: காப்பக வாசல்.
நாள்: அவன் அங்கே படுக்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள்.

இப்படிக்கு,
அந்த இடத்தைக் கேட்டு வாங்கிய தாய்
(ஒப்பம்)