சிவப்பு மைத் திருத்தங்கள்

ஜனவரி 6

கண்ணாடி தொலைந்துவிட்டது என்று ஒருவர் கடைக்கு வந்தார். அது அவர் தலைமேலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாலைந்து புது ஃபிரேமை எடுத்துவைத்து, நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பார்த்துவிட்டு, "நீயாவது சொல்லக்கூடாதாம்மா?" என்றார். சொல்வதற்கா எனக்குச் சம்பளம்? இவர்கள் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகும் ஃபிரேம்களைத் துடைப்பதற்குத்தான் சம்பளம்.

கண் பரிசோதனை செய்பவர் வேறு ஊருக்குப் போகப்போகிறாராம். அந்த வேலைக்கான டிப்ளமாவில் நான் சேர்ந்தால், முடித்து வரும்வரை ஆள் வைத்துச் சமாளிப்பதாக முதலாளி சொல்கிறார். "முடிச்சுட்டா அந்த டெஸ்ட் ரூம் உனக்குத்தாம்மா. சேரலைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்." டிப்ளமாவில் சேர, பள்ளி இறுதித் தேர்வில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். நான் அந்தத் தேர்வை எழுதாமல் கல்யாணம் செய்துகொண்டவள். கல்யாணத்திலும் தேறவில்லை.

ஆக, முப்பத்து மூன்று வயதில், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தனித்தேர்வர். மார்ச்சில் தேர்வு. அந்த அறை எனக்கு வேண்டும். அவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 8

இயற்பியலுக்கு இரண்டு புத்தகங்கள். ஒன்று, நான் பாதியில் விட்ட காலத்துப் பாடநூல். இன்னொன்று, இப்போது வாங்கிய கைடு. இரண்டிலும் ஒவ்வொரு பாடத்துக்கு முன்னாலும் ஒரு பக்கம் வளவளப்பு. 'இப்பாடத்தில் நாம் காண இருப்பது.' காணும்போது கண்டுகொள்கிறேன். அந்தப் பக்கங்களையெல்லாம் திறக்கவே முடியாதபடி ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டேன்.

ஜனவரி 11

'உராய்வைப் புறக்கணிக்கவும்.' 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்.' 'கயிற்றின் எடையைப் புறக்கணிக்கவும்.' இப்படி எல்லாவற்றையும் புறக்கணித்துவிட்டால் நான்கூடத்தான் நல்லபடியாக வாழ்ந்திருப்பேன்.

கணிதப் புத்தகம் இதற்கு அண்ணன். ஒருவன் பையில் பந்துகளைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் எடுக்கிறான். அது சிவப்பாக இருக்குமா என்று நான் கவலைப்பட வேண்டுமாம். பார்த்து எடுடா, முடிந்தது.

ஜனவரி 19

அண்ணன் மகளுக்கும் இந்த வருடம் இதே தேர்வுதான். நான் வைத்த பெயர் டியூஷன் ராணி. காலையில் ஒன்று, மாலையில் இரண்டு. புத்தகத்தில் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசுவாள். இப்போது பூசாத வரிதான் முக்கியமானதோ என்று சந்தேகம் வருகிறது. ஊட்டிவிட்டால்தான் விழுங்கும் பிள்ளை. மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பேனா மூடியைக் கடிக்கிறது.

ஜனவரி 30

கைடில் தவறு!

குவிலென்ஸ், குவியத்தூரம் பத்து சென்டிமீட்டர். பொருள் முப்பதில். பிம்பம் எங்கே? பாடநூல் சூத்திரத்தைப் போட்டேன், கைடு சொல்லும் கழித்தல் குறியைப் போட்டேன். ஏழரை வருகிறது. கைடு பதினைந்து என்கிறது. இரண்டு முறை போட்டேன், அதே ஏழரை. இதைக் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். சிவப்பு மையில் அடித்து, '7.5. எழுதியவர் முதலில் கூட்டல் கழித்தல் படிக்கவும்' என்று ஓரத்தில் எழுதினேன். வெகுநாளைக்குப் பிறகு மனம் நிறைந்தது.

பிப்ரவரி 3

லென்ஸ் பாடம் முழுக்கத் தவறு. ஒரு கணக்கு விடாமல் திருத்திவிட்டேன்.

ராணி எட்டிப் பார்த்தாள். "நிஜமாவே எல்லாம் தப்பா அத்தை?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இந்த ஆளு கூடத்தையே கோணலா கட்டியிருக்கான்."

சிரித்தாள். கைடை ஒரு நாள் தரச் சொல்லிக் கேட்டாள். ஓரத்துத் திட்டுகளைப் படிக்கத்தான் இருக்கும் என்று கொடுத்தேன்.

பிப்ரவரி 9

கணிதத்தில் வகையீடு பிடிபட்டுவிட்டது. இந்த வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரி 16

அண்ணி இன்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

ராணியின் மாதிரித் தேர்வுத் தாள் வந்திருக்கிறது. லென்ஸ் கணக்கு அத்தனையும் சுழி. "உன் சிவப்பு மையை நம்பி எழுதியிருக்கா. டியூஷன் சார் அப்படிச் சொல்லலையேடின்னா, அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதினாளாம். நீ படி, வேண்டாங்கல. என் பொண்ணை ஏன் கெடுக்கற? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு உன்னைத்தான் சொல்லணும்!"

நானும் விடவில்லை. தாள் திருத்தினவனுக்கே தெரியாது, சாருக்கும் தெரியாது, இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் தெரியும்னு கத்திட்டேன். நான் என்ன பொய்யா சொல்றேன்? ரெண்டு ரெண்டு தடவை போட்டுப் பாத்திருக்கேனே!

மூன்று டியூஷன் போகிற பெண் என்னை ஏன் நம்ப வேண்டும்? பைத்தியம்.

பிப்ரவரி 17

விடுமுறை. கடையிலிருந்து பவர் பத்து லென்ஸைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதன் குவியத்தூரம் சரியாகப் பத்து சென்டிமீட்டர். மதியம் சமையலறைத் திரையை இழுத்துவிட்டு, மெழுகுவத்தியை லென்ஸுக்கு முப்பதில் வைத்தேன். இரண்டு கை போதவில்லை. ராணி வெள்ளைத்தாளைப் பிடித்தாள். அண்ணி இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள்.

"ஏழரையில வை."

"வெச்சேன் அத்தை. மங்கலா இருக்கு."

"கை ஆடுது. ஒழுங்கா பிடி."

"ஆடல அத்தை. தள்ளிப் போனாத்தான் தெளியுது. இதோ, இங்க."

தாளில் சின்னதாக, தலைகீழாக, அவ்வளவு துல்லியமாக ஒரு சுடர். அழகாக இருந்தது, சனியன். ஸ்கேலை வைத்தேன். பதினைந்து.

லென்ஸ் மட்டமான சரக்கு என்றேன். மெழுகுவத்தி கோணல் என்றேன். இன்னொரு முறை வைத்தோம். பதினைந்து. அண்ணி திரையை விலக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருக்கலாம்.

மாலையில் பாடநூலில் நான் அடித்த பின்னைக் கத்தி நுனியால் நெம்பினேன். லென்ஸ் பாடத்தின் முதல் பக்கம், மூன்றாவது வரி: இந்நூலில் மெய்ப்பொருளுக்கும் மெய்ப்பிம்பத்துக்கும் உள்ள தூரங்கள் கூட்டல். கைடிலும் பின்னை எடுத்தேன்: ஒளி செல்லும் திசைக்கு எதிராக அளக்கும் தூரங்கள் கழித்தல். இரண்டு புத்தகத்துக்கும் இரண்டு வழக்கம், அதற்கேற்ற இரண்டு சூத்திரம். எதைப் பிடித்தாலும் பதினைந்துதான் வரும். ஒன்றில் சூத்திரத்தையும் மற்றதில் குறியையும் எடுத்த அறிவாளி உலகத்தில் நான் ஒருத்திதான்.

நானாக விழுந்திருந்தால் போகட்டும். அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டல்லவா விழுந்தேன்.

பிப்ரவரி 18

சொல்லிவிட்டேன். அண்ணி இருக்கும்போதே சொன்னேன். "நான்தான் தப்பு. கைடு சரி."

ராணி மூடியைக் கடித்துக்கொண்டே, "தாள் வந்தப்பவே தெரியும் அத்தை. சார் போட்டுக் காட்டினார்."

"பின்ன ஏன்டி சொல்லலை?"

"நீங்க திட்டுவீங்களே."

அதற்குமேல் எனக்குப் படிப்பு ஓடவில்லை.

பிப்ரவரி 27

தினமும் ஒரு மணி நேரம் இருவருமாக. அவள் டியூஷனில் சொன்னதை எனக்குச் சொல்கிறாள். ஏன் என்று நான் கேட்கிறேன். பாதிக்கு அவளுக்குத் தெரியவில்லை, அப்புறம் தேடுகிறோம். இவளுக்கு மூளை இருக்கிறது. மஞ்சள் பூசி மூடிவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

மார்ச் 14

இயற்பியல். லென்ஸ் கணக்கு வந்தது. மேற்பார்வையாளர் முறைத்தார், நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

மே 20

ராணி இயற்பியலில் தொண்ணூற்று நாலு. நான் அறுபத்தொன்று. கணிதத்தில் மயிரிழையில் தேறினேன். பையில் பந்து போட்டவன் பழிவாங்கிவிட்டான்.

அண்ணி என் தட்டில் இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறினாள்.

ஜூன் 23

திங்கட்கிழமை எனக்கு வகுப்பு தொடங்குகிறது. ராணி நாளை விடுதிக்குப் போகிறாள். பெட்டி அடுக்க உதவப் போனேன். துணிக்கு அடியில் என் கைடு. பழைய பேப்பர்காரரிடம் போட எடுத்துவைத்திருந்தது.

"எதுக்குடி இந்தக் குப்பை? பாதி தப்பு."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சே எடுத்துட்டுப் போறியா?"

"அங்க என்னை யாரு திட்டுவா? திட்டு வாங்காம எனக்குப் படிப்பே ஏறாது."

பிடுங்கி வாங்கினேன். லென்ஸ் பாடத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, நீல மையில், 'முதலில் இந்தப் பக்கத்தைப் படி, கழுதை' என்று எழுதி, அவள் துணிகளுக்கு நடுவில் நானே வைத்தேன்.