குத்தாத காது

12-11-1977
காலையிலிருந்து பருத்தியில் கிராசிங் வேலை. நேற்று மாலை ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்த பூக்களில், இன்று வேறு ரகத்துப் பூவைத் தடவினோம். வேலு வரப்பில் தடுக்கி விழுந்தான். சின்ன அடிதான். மாலையில் பார்த்தால் முழங்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இப்படியா வீங்கும்? அண்ணனுக்கும் இப்படித்தான்... வேண்டாம். எழுதக் கை வரவில்லை.

14-11
வீக்கம் குறையவில்லை. அத்தை மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "தையில எம்பேரனுக்குக் காது குத்திப்போடலாம் கண்ணு, நாள் பாத்தாச்சு" என்றார்.

15-11
எழுதிவிடுகிறேன். என் அண்ணன், ஊருக்குச் சொன்னதுபோலக் காய்ச்சலில் சாகவில்லை. காது குத்திய மூன்றாம் நாள், ரத்தம் நிற்காமல் செத்தான். அம்மாவின் தம்பியும் பல் விழுந்தபோது அப்படித்தான் போனாராம். கல்யாணத்துக்கு முன்பு அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அந்தூட்டுல இதைப்பத்தி மூச்சு உடக்கூடாது. தெரிஞ்சா உன்னையத் திருப்பி அனுப்பிப்போடுவாங்க."
அந்த அண்ணன் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறேன், வேலுசாமி என்று. புத்தி இருக்கிறதா எனக்கு?

21-11
அம்மா ஊருக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, வேலுவோடு சேலம் பஸ் ஏறினேன். டாக்டரம்மா அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்குள் உறைய வேண்டுமாம். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி ஆகியும் தண்ணீராகவே ஓடியது.
"இது தாய் வழியா வர்றதும்மா. உனக்கு ஒண்ணும் பண்ணாது. உனக்குப் பொறக்குற பையனுக்குப் பாதிக்குப் பாதி வரலாம். பொண்ணா இருந்தா, பாதிக்குப் பாதி உன்னை மாதிரியே வெளிய தெரியாம சுமக்கலாம்" என்றார்.
குணமாக்க மருந்து இல்லையாம். காது மட்டும் குத்திவிடாதே என்றார்.
போன வருஷம் என் வீட்டுக்காரர் கலப்பு விதையில் விளைந்த கொட்டையையே எடுத்து மறுபடி விதைத்தார். நெட்டையும் குட்டையுமாகப் பாட்டன் குணமெல்லாம் பருத்திக் காட்டில் வந்து நின்றது. முந்தின வருஷம் ஒரே சீராக நின்ற செடிக்குள்தான் அத்தனையும் ஒளிந்திருந்தது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். இப்போது நானே அந்தச் செடி.

3-12
சொல்லவில்லை.

2-1-1978
இன்றும் சொல்லவில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் முறைக்குச் சித்தப்பா மகன் மயில்சாமி மடியில் உட்கார வைப்பார்களாம். அண்ணன் இருந்தால் அவன் மடி. சொன்னால் என்னை விரட்டுவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் வாய் வரவில்லையே! என்ன ஜென்மம் நான்!

22-1
கோயிலில் மொட்டை போட விடவில்லை, சளி என்று சாக்குச் சொன்னேன். ஆசாரி ஊசியை எடுத்தார். மயில்சாமி வேலுவின் தலையைப் பிடித்துக்கொண்டான். ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்கினேன். எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டேன் — அண்ணன், அம்மாவின் தம்பி, டாக்டரம்மா, சத்தியம் எல்லாவற்றையும். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.
அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. ஆசாரியிடம்தான் பேசினார். "சந்தனத்தக் கொழச்சுத் தோட்டை ஒட்டிப்போடுங்க. எம்பேரனுக்கு அது போதுமுங்க."
அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம். திரும்பும் வழியெல்லாம் அத்தை என்னோடு பேசவில்லை. வேலுவை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

9-8-1981
வேலுவுக்கு ஐந்து வயது. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். பழைய சேலையில் மெத்தை தைத்து அவன் முழங்காலில் கட்டிவிடுவது அத்தைதான்.
நேற்று எனக்குப் பெண் பிறந்தது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை சர்க்கரை கொடுக்கிறார். "பொண்ணுங்க. இனிப் பயமில்லீங்க."
அம்மா மட்டும் சர்க்கரை எடுக்கவில்லை. தொட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். குழந்தையின் காது மடலைத் தொட்டுப் பார்த்தாள்.
"இவகிட்ட மறைச்சுப்போடாத சாமி" என்றாள்.