குழாய்க்குப் போட்ட பூட்டு

இயேசு மரி சூசை துணை

பொம்மையார்பாளையம்

பிரவீன் அப்பாவுக்கு லூர்துமேரி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், குவைத் ரூம் முழுக்கக் கேட்கிறது. இது உங்களுக்கு மட்டும். அதனால்தான் எழுதி, அங்கே வேலைக்கு வரும் கோலியனூர்ப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிரவீன் திண்டிவனம் ஹாஸ்டலிலிருந்து ஞாயிறு பூசைக்கு வந்து போனான். மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொடுத்தனுப்பினேன்.

கெஸ்ட் ஹவுசில் சமையல் வேலை நடக்கிறது. இப்போது ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் தங்கியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் அவருக்குத் தனிப் பால், அந்தம்மாவுக்குத் தனிப் பால், இரண்டிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் பால் தீர்ந்துபோனதென்று அந்தம்மா பாலை ஊற்றி அவருக்கு டீ போட்டுவிட்டேன். அந்தம்மா முகம் சிவந்துவிட்டது. புருஷன் மன்னிப்புக் கேட்டு, கடைக்கு ஓடிப் புதுப் பாக்கெட் வாங்கி வைக்கிறார்! விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தேன். மேனேஜர் புகழேந்தி தனியே கூப்பிட்டு, "அவங்க ஊர்ல அதாங்க்கா மரியாத, கேக்காம எடுத்தா திருட்டு மாதிரி" என்றார். ஒரே படுக்கையில் படுத்து எழுந்திருப்பவர்களுக்குப் பாலில் என்ன உன்னுது, என்னுது? போகட்டும், அவர்கள் வளர்ந்த விதம்.

நீங்கள் அப்படியா வளர்ந்தீர்கள்? லீவு முடிந்து கிளம்பிய அன்று நம் போர் குழாய்க்கு இரும்புக் கூண்டு வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் திணித்தீர்கள். "என் காசுல போட்ட போரு, கண்டவங்க ஏன் தண்ணி புடிக்கணும்" என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள். கண்டவர் யார்? பக்கத்து வீட்டு அஞ்சம்மாள். அன்றிலிருந்து அவள் மகள் ரோஜாவோடு மெயின் ரோடு வரை போய்க் குடம் சுமக்கிறாள். "அண்ணன் பூட்டிக்கினு போச்சு, அவங்க பொருளு, நமக்கு இன்னா" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து அந்தத் தண்ணீரில் உலை வைக்கவே அருவருப்பாக இருக்கிறது. உங்கள் மேலும்தான், மறைக்கவில்லை.

நேற்றுப் பூட்டைக் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை. "அண்ணன் வாயால சொல்லட்டும், வர்றேன்" என்கிறாள்.

பிரவீன் பிறந்து எனக்குப் பால் இல்லாமல் அவன் கத்திக்கொண்டு கிடந்தபோது, ரோஜாவை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். அந்தப் பாலில் யார் பேரும் ஒட்டியிருக்கவில்லை. உங்களுக்கு மறந்திருக்காது.

ஞாயிறு பூசை முடிந்து போன் செய்யுங்கள். அஞ்சம்மாளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அன்றைக்கு நானே ஸ்பீக்கரில் போட்டு வாசலில் வைக்கிறேன். கத்தினதைக் கேட்ட தெரு இதையும் கேட்கட்டும்.

ஆரோக்கிய மாதா உங்கள் இடுப்பையும் மனசையும் சேர்த்துக் குணமாக்கட்டும். சாவி இனி என்னிடம் இல்லை, தேடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
லூர்துமேரி