விளையாட்டு மேடையின் நாலாவது கால்

அன்பு மகள் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் வலது கணுக்காலைத் தவிர. அதுவும் வீக்கம் வடிந்து செருப்புக்குள் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. நீயும் சுகமாக இருக்க வேண்டும், போனில் உன் குரலை வைத்து அதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடந்ததைப் போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக் கெடுத்துவிடுவார், அதனால் எழுதிவிடுகிறேன்.

கால் சுளுக்கியதும் டாக்டர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டார். கீழே நம் குழந்தைகள் காப்பகத்தை ஆயா பார்த்துக்கொண்டாள், எனக்குப் பொழுது போகவில்லை. போன தடவை நீ வந்தபோது நம் கணினியில் ஏற்றிவிட்டுப் போனாயே, ஒரு பொருளின்மேல் பாரம் வைத்தால் அது எப்படி வளையும், எங்கே உடையும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் உன் வேலை சாஃப்ட்வேர், அதைத் திறந்தேன். முதல் பாடம் ஒரு பலகை. ஒரு முனையைச் சுவரில் பிடிக்க வைத்து மறுமுனையில் பாரத்தைத் தொங்கவிட வேண்டும். நான் பாரத்தைத் தொங்கவிட்டேன், சுவரை மறந்துவிட்டேன். பலகை பல லட்சம் கிலோமீட்டர் நகர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது. அப்பாவிடம் சொன்னேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "திரும்பி வருமா" என்று கேட்டார். அடுத்த தடவை பலகை வீட்டோடு இருந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டினால் பதில் துல்லியமாக வரும் என்று பாடத்தில் போட்டிருந்ததால் தாராளமாக வெட்டினேன், கணினி கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அளவாக வெட்டப் பழகிக்கொண்டேன்.

பலகை கைக்கு வந்ததும், காப்பகத்துக்காக அப்பா தன் பட்டறையில் இரும்புக் குழாயைப் பற்றவைத்துச் செய்து தந்த விளையாட்டு மேடையை வரைந்தேன். நாலு கால், மேலே பலகை, ஒரு பக்கம் ஏணி, மறுபக்கம் சறுக்கு. ஆயா டேப்பைப் பிடித்து அளவெடுத்து வந்தாள். பிள்ளைகளின் எடையை மாதாமாதம் எடுப்பதால் அது கையில் இருந்தது, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏறியதாகவும் அவர்களை இறக்க ஆயாவும் ஏறியதாகவும் வைத்துக்கொண்டேன். ஆயா தன் எடையைக் குறைத்துச் சொன்னாள், நானாகக் கூட்டிக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தால் மேடை தொட்டில் மாதிரி தொங்குகிறது, கால்கள் நாலும் நாலு திசையில் வளைந்திருக்கின்றன, நட்டநடுவில் ஒரே சிவப்பு.

அன்றைக்கே கயிறு கட்டி மேடையை மூடச் சொன்னேன். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், ஒரு தகப்பனார் மகனை வேறு இடத்தில் சேர்க்கப் போவதாகச் சொல்லி அழைத்துப் போனார். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு "நான் செஞ்சது இப்படியா வளையும்" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு என்னோடு பேச்சே இல்லை, குழம்பில் உப்பு போதாது என்பதைக்கூட ஆயாவிடம்தான் சொல்லி அனுப்பினார். உன்னைக் கூப்பிட்டேன், அங்கே வேலை நேரம் போலிருக்கிறது, நீ எடுக்கவில்லை. அந்த சாஃப்ட்வேரைப் பழகுகிறவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் இடத்தில் படத்தைப் போட்டுக் கேட்டேன். முகம் தெரியாத ஒரு புண்ணியவான், ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தீர்களா என்று எழுதினார். எறும்பு எழுத்தில் முந்நூறு மடங்கு என்று இருந்தது. வளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அதுவாகவே பெரிதாக்கிக் காட்டுகிறதாம். நிஜத்தில் மேடை ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. சிவப்பு என்றாலே ஆபத்து என்று இல்லையாம், இருப்பதற்குள் எங்கே அழுத்தம் அதிகம் என்று சொல்கிறதாம், அவ்வளவுதான்.

போய் அப்பாவிடம் சொன்னேன். ஆயாவைக் கூப்பிடாமல் நேராக என்னிடமே "தெரியும்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் மடங்கை ஒன்றாக்கியதும் திரையில் நிமிர்ந்து நின்ற மேடையைக் கொஞ்ச நேரம் ரசித்தார். கயிற்றை அவிழ்க்கச் சொல்வார் என்று பார்த்தால், "ஏணிப் பக்கத்துல நாலாவது கால் இருக்குல்ல, அதை எடுத்துட்டு ஓட்டிப் பாரு" என்றார். எதற்கு என்றேன், கணினியை என் பக்கம் நகர்த்தினார். காலை எடுத்துவிட்டு, மடங்கை ஒன்று என்றே வைத்து ஓட்டினேன். அப்படியும் அந்த மூலை தொங்குவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடையைப் போட்டப்பவே அந்தக் கால் நிக்கிற டைலைத் தட்டினா டொக்குன்னு சத்தம் வந்துச்சு. மத்த மூணு கால் இருக்கே, தாங்கிக்கும்னு விட்டுட்டேன்" என்றார். காலையில் உளியோடு போய் டைலை உடைத்தார். அடியில் தண்ணீர்க் குழாய் கசிந்து மண்ணையெல்லாம் அரித்து, என் முழங்கை வரை உள்ளே போகிற பள்ளம். கால் வெறும் டைலின்மேல்தான் நின்றிருக்கிறது. ஆயா எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகளை எண்ணினாள். கயிறு கட்டிய நாள் வரைக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அந்த மூலையில்தான் ஏறினார்கள்.

குழாய்க்காரர் வந்து குழாயை மாற்றினார், பள்ளத்தைக் கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று. அப்பா ஐந்தாவதாக ஒரு காலும் வைத்துவிட்டார், கேட்பவர்களிடம் அழகுக்கு என்கிறார். திறந்த அன்று தானே முதலில் ஏறிக் குதித்துப் பார்த்தார், இறங்கும்போது சறுக்கில் மாட்டிக்கொண்டார், நானும் ஆயாவும் இழுத்தோம். பிள்ளைகளுக்கு இத்தனை நாள் அழுதது அதோடு சரியாகிவிட்டது. இப்போது சாயங்காலமானால் பட்டறையிலிருந்து ஏதாவது அளவோடு வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். சிவப்பு வந்தால் மட்டும் முகம் மாறுகிறது, நிறத்தை மாற்ற வழியிருந்தால் எழுது, பச்சை கேட்கிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ வேலை முடிந்து கூப்பிட்டு "இன்னைக்கும் ஓட்டிப் பாத்தேன், ரிசல்ட் வரலைம்மா" என்பாய், நான் சாப்பிட்டாயா என்று கேட்பேன், நீ ரிசல்ட்டை அப்படியே விட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்பாய். இனிமேலும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். அதற்கு முன்னால், எந்த முனையைப் பிடித்து வைத்திருக்கிறாய், எவ்வளவு பொடியாக வெட்டினாய் என்றும் கேட்பேன். நீ விளக்கமாகவே சொல்லலாம், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

உடம்பில் ஒரு குறையும் வராமல், உன்னை மதிக்கிற மனிதர்களுக்கு நடுவில் நன்றாக இரு. நீ இருக்கும் வீட்டுப் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு போன் பேசாதே, அது எத்தனை திருகில் நிற்கிறது என்று முதலில் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா