வலம் வந்தால் திறக்காத கதவு

14.7.2001, சனி, ராத்திரி

கதவு திறந்துடுச்சு! மூணு வாரமா எங்களை முறைச்சிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக் கதவு. சிடி எங்களோடது இல்ல. செங்கம் ரோட்டுல மாலா அக்காவோட பிரவுசிங் சென்டருக்கு வர்ற வெள்ளைக்காரர் கொடுத்தது. நாளைக்குக் காலையில அவர் ஊருக்குக் கிளம்புறார். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்.

அதுல துப்பாக்கி இல்ல, பாயின்ட் இல்ல, ஒரு ஆள்கூட இல்ல. ஒரு தீவு, காத்துச் சத்தம், நடுவுல பாறை, பாறையில கதவு. சுத்தி வந்தா திறக்கும்னு கல்லுல படம் செதுக்கியிருக்கு. நானும் கூடப் படிக்கிற முருகனும் சுத்தாத சுத்து இல்ல.

"கிரிவலம் போதும்டா, மவுஸு தேயுது"ன்னாங்க அக்கா.

அப்பதான் எனக்கு உறைச்சுது. "டேய், இடமா சுத்துனா?"

"அபச்சாரம்டா!" முருகன் நிஜமாவே கன்னத்துல போட்டுக்கிட்டான்.

"வலம் வந்தா இடம் கொடுக்கல. இடம் வந்தா கொடுக்கும் பாரு."

கொடுத்துச்சு. உள்ளே புதையல் இல்ல. படியேறினா ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தா, கீழே மணல்ல பாறையைச் சுத்திக் காலடித் தடம். வலப்பக்கமாவே நடந்து நடந்து பள்ளமே விழுந்திருக்கு. அதுக்கு எதிரா ஒத்தை வரிசை, புதுசா. எல்லாம் எங்க காலடி! இத்தனை நாளா அந்தத் தீவு ஒண்ணுமே சொல்லாம எங்களைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு.

முருகன் மறுபடியும் கன்னத்துல போட்டுக்கிட்டான். இந்தத் தடவை எனக்கு நக்கல் வரல.

"சிடி போனாலும் தடம் இந்தக் கம்ப்யூட்டர்லதான்டா இருக்கும்"னாங்க அக்கா.

"அழிச்சிடாதீங்கக்கா"ன்னேன். நான் விளையாட்டுக்குச் சொல்லலன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது.