நான்கு மணிக்கு வேலம்மாள்

செவ்வாய், வடதுருவப் பனிச்சுரங்கம். மருத்துவ அறைப் பதிவு. எழுதுபவர்: செவிலி பிரிசில்லா.

நாள் 211, 07:30
துளை போடும் சுடலைமணியின் நுரையீரலை எரித்தது கம்பெனி. அம்மோனியா குழாயின் கசிவுதடுப்பு வளையம் தேய்ந்துவிட்டதென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். வளையம் வரவில்லை. குழாய் வெடித்தது. இன்று பதினோராம் நாள். பிழைக்க வழியில்லை. வலி: பத்துக்கு ஆறு. மூச்சு: நிமிடத்துக்கு இருபத்தெட்டு.

10:15
சாகும்வரை தூங்கவைக்கும் கடைசி ஊசிக்குச் சம்மதக் கைரேகை வாங்கினேன். விழிப்பாக இருக்கும்போதே வாங்கிவிடுவோம். எப்போது போடுவது என்பது செவிலியின் முடிவு. "நாலு மணிக்கு வேலம்மா பேசுவா. அதக் கேட்டுட்டுத் தூங்கிக்கிடுதேன் சிஸ்டர். முன்னாலயே போட்டுராதீங்க" என்றார். வேலம்மாள் அவர் மனைவி. அதிகாரிகளுக்குப் பூமியிலிருந்து வீட்டுக் குரல் தினமும் வரும். துளை போடுகிறவர்களுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை.

13:40
வலி: ஏழு. உடம்பைத் துடைத்து, உதட்டை நனைத்தேன். சிரித்தார். "நீங்க எம்புட்டுப் பாத்தாலும், அவ ஒரு ஏச்சு ஏசினாத்தான் எனக்கு நோவு அடங்கும்."
அவள் ஏச்சே மருந்தாம். பதினோரு நாளாக உறங்காதவள் நான்.

15:25
வலி: பத்து. ஊசி போட்டேன். தூங்கிவிட்டார்.

16:00
வேலம்மாளின் குரல்: "காய்ச்சல்னு கம்பெனில சொன்னாவ. காய்ச்சலுக்கா இப்படிப் படுத்துக் கெடக்கிய? எந்திரிச்சு ஒரு வார்த்த பேசுங்க, பாப்போம்!"
காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள்.
அவர் இமை அசையவில்லை.

16:10
மரண அவசரம் என்று பூமிக்கான தடத்தைத் திறந்து வேலம்மாளுக்கு உண்மையை அனுப்பினேன். சாகப்போகிறார், தூங்க வைத்திருக்கிறோம். "வைத்திருக்கிறோம்" என்றுதான் சொன்னேன். இந்த அறையில் நான் ஒருத்திதான்.
குரல் போக இருபது நிமிடம், வர இருபது.

16:52
"எழுப்புங்க சிஸ்டர். ஒரு நிமிசம் போதும். அவுக குரலக் கேக்கணும்."
தூக்கத்தை முறிக்கும் மாற்று மருந்து மேசைமேல் இருக்கிறது. எழுப்பினால் வலியும் எழும். அது உண்மை. கண் திறந்ததும் அவர் தேடுவது என்னை இல்லை. அதுவும் உண்மை.
பதில் அனுப்பவில்லை.

17:30
15:25 பதிவைத் திருத்துகிறேன். வலி பத்து இல்லை. ஏழுதான். அவள் குரல் வரப்போகும் ஒலிபெருக்கியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.
மூச்சு: ஆறு.

17:48
மூச்சு: நான்கு. மாற்று மருந்துக்குப்பி இன்னும் மூடியோடு.
வேலம்மாள்: "யாரக் கேட்டு அவுகளத் தூங்க வச்சிய? சிஸ்டர், பதில் சொல்லுங்க."